சத்தம் கேட்டால்தான் பாடம்

ஜூன் 9, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. திறந்த முதல் நாளே வயிறு எரிகிறது.

கோடை விடுமுறைக்குள் கொட்டகைக்குள்ளே சுவர் எழுப்பிவிடலாம் என்று தாளாளர் மார்ச் மாதம் எல்லார் முன்னாலும் சொன்னார். இன்றைக்குப் போய்ப் பார்த்தால் அதே தகரக் கூரை, அதே பலகைத் தட்டி. தட்டிக்கு மட்டும் இளம்பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஒரே கொட்டகையைத் தட்டி வைத்து மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறது. தட்டி ஆள் உயரம். அதற்கு மேலே கூரைவரை வெறும் காற்றுதான். ஒரு வகுப்பில் தும்மினால் மூன்று வகுப்பும் சிரிக்கும்.

ஆசிரியர் கூட்டத்தில் தாளாளர் வழக்கமான பாட்டைத்தான் பாடினார். "போன வருஷம் சில வகுப்புல சத்தமே வரல. நான் வராண்டால நடக்கும்போது பாடம் என் காதுல விழணும். சத்தம் கேட்டாத்தான் பாடம் நடக்குதுன்னு அர்த்தம்." தினமும் இரண்டாம் பீரியடில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு நடை நடப்பார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். காது மட்டும்தான் வேலை செய்யும்.

கணக்கு நசீமா டீச்சர் எழுந்து, "சார், தொண்டை ரொம்பப் போயிருது" என்றாள்.

"பனங்கற்கண்டு வாயில போட்டுக்கிட்டு வகுப்புக்குப் போங்கம்மா. எல்லாம் சரியாப் போகும்."

வகுப்பிலிருந்த நாற்காலிகளையும் எடுத்துவிட்டார்கள். நாற்காலி இருந்தால் டீச்சர்களுக்குத் தூக்கம் வருகிறதாம். தாளாளர் அறையில் மெத்தை வைத்த நாற்காலி புதிதாக வந்திருக்கிறது. அவருக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

சவரிராஜ் சார் என்னை ஒழித்துக்கட்டாமல் விடமாட்டார்.

கொட்டகையில் நான் தமிழ், அவர் சமூக அறிவியல், நசீமா கணக்கு. மூவரும் இந்த மூன்று வகுப்புக்குள்தான் மாறி மாறிச் சுற்றுகிறோம். நான் எந்த வகுப்புக்குப் போனாலும் தட்டிக்கு அந்தப் பக்கம் இவர் முளைத்து நிற்பார். இன்றைக்குப் பானிப்பட்டுப் போர் நடத்தினார். போர்க்களத்தில் இருந்தவனுக்குக்கூட அவ்வளவு சத்தம் கேட்டிருக்காது. நான் செய்யுளை ராகத்தோடு ஆரம்பித்தேன். என் பிள்ளைகள் பாதிப் பேர் அந்தப் பக்கம் யானைப்படை வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் குரலை ஏற்றினேன். அவரும் ஏற்றினார். நான் விடுவேனா?

செய்யுளைப் பாடித்தான் சொல்லித் தருவேன். பதினாறு வருடமாக அப்படித்தான். கடைசி வரியில் மேலே ஏறும் இடம் ஒன்று வரும். அங்கே என் குரல் போய் நிற்கும்போது கடைசி பெஞ்சுக்காரர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். அதை இந்த மனிதரின் யானைக் காலில் கொடுக்க முடியாது.

ஜூன் 18, புதன்

மேலே ஏறும் இடத்தில் குரல் இல்லை. வெறும் காற்றுதான் வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். மிளகு, சித்தரத்தை, வெந்நீர், பனங்கற்கண்டு எல்லாம் ஆயிற்று. சனிக்கிழமை ஓய்வெடுத்தால் சரியாகிவிடும்.

ஜூன் 20, வெள்ளி

சனிக்கிழமையும் வேலை நாள் என்று சுற்றறிக்கை.

ஜூன் 24, செவ்வாய்

அரைநாள் விடுப்புக்குக் கெஞ்சிக் கூத்தாடி, திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஒரு சின்னப் பெண்தான் டாக்டர். என் குரலைக் கேட்டதும், "சந்தையில வியாபாரமாம்மா?" என்றாள். டீச்சர் என்றேன். "ஓ, அப்பச் சரி" என்றாள். அந்த 'அப்பச் சரி'யைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை.

வாய்க்குள் கேமரா வைத்துத் திரையில் காட்டினாள். குரல் நாண் என்று வெள்ளையாக இரண்டு. இரண்டின் ஓரத்திலும் மொட்டு மாதிரித் தடிப்பு.

"மண்வெட்டி பிடிச்சா கையில காய்ப்பு விழும்ல? அதேதான். நீங்க கத்திக் கத்தி இங்க காய்ச்சிருக்கு. இடதுல கொஞ்சம் தழும்பு மாதிரியும் தெரியுது. முன்னாடியே வந்திருக்கலாமே?"

"லீவு கிடைக்கல."

ஒரு மாதம் வாயைத் திறக்கக் கூடாதாம். கிசுகிசுவென்று பேசுவதும் கூடாது, அது இன்னும் கெடுதலாம். ஒரு மாதம் கழித்துப் பார்த்துவிட்டு, மெதுவாகப் பேசப் பயிற்சி தருவார்களாம். இப்படியே கத்தினால் இருக்கிற குரலும் போய்விடும் என்று சொன்னாள். நான் ஒன்றும் பயப்படவில்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன், அவ்வளவுதான்.

ஜூன் 25, புதன்

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சிலேட்டை வாங்கிக்கொண்டு தாளாளர் அறைக்குப் போனேன். மருத்துவச் சீட்டைக் கொடுத்தேன். தலைமையாசிரியை பத்மினி மேடம் பக்கத்தில் நின்றார். மாஸ்க் போட்டிருந்தார். இந்த வெயிலில் எதற்கு மாஸ்க் என்று தெரியவில்லை.

"என்னம்மா இது, ஊமை நாடகமா? தொண்டை கட்டுறதெல்லாம் ஒரு வியாதியா? எங்கப்பா முப்பது வருஷம் மாட்டுச் சந்தையில தரகு பேசுனாரு. ஒரு நாள் தொண்டையக் காட்டி லீவு கேட்டதில்ல."

'கொட்டகையில் சுவர் வையுங்கள். இல்லையென்றால் மைக் கொடுங்கள்' என்று சிலேட்டில் எழுதினேன்.

"மைக்கா? பக்கத்து வகுப்புக்கு இடைஞ்சலா இருக்காது?"

பக்கத்து வகுப்புக்கு இடைஞ்சலாம்!

கடைசியில் சொன்னார், "வர்றதுன்னா வாங்க. பேசாம எப்படி நடத்துவீங்களோ நடத்துங்க. ஒரு மாசம் லீவெல்லாம் கிடையாது. வேற ஆள் ரெடியா இருக்கு." பத்மினி மேடம் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை வருடம் கூட வேலை பார்த்ததற்கு ஒரு 'சார்' என்று ஆரம்பித்திருக்கலாம்.

ஜூன் 28, சனி

வீட்டில் ராஜ்ஜியம் மாறிவிட்டது. சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் சொன்னார், "வீடு எவ்வளவு அமைதியா இருக்கு பாத்தியா. டாக்டரம்மா நல்லா இருக்கணும்."

நான் கரண்டியை எறியவில்லை. அது கையிலிருந்து நழுவி விழுந்தது. வாசற்படிவரை போய் விழுந்தது.

ஜூலை 1, செவ்வாய்

பேசாமல் பாடம் நடத்தலாம் என்று கண்டுபிடித்திருக்கிறேன். பலகையில் எழுதுகிறேன். கை தட்டினால் நிமிர வேண்டும், மேசையைத் தட்டினால் எழுத வேண்டும். செய்யுளை முத்தரசி வாசிக்கிறாள். கடைசி பெஞ்சுக்காரி, வாயாடி, அவளுக்கு நல்ல குரல். நான் பேசாததால் பிள்ளைகளும் பேசுவதில்லை. இத்தனை நாள் இவர்களை அடக்கத்தான் கத்தினேன் என்று நினைத்திருந்தேன்.

வாயை மூடினால் காது திறந்துவிடுகிறது. தட்டிக்கு அந்தப் பக்கம் சவரிராஜ் சார் பேசுவதை இன்றைக்குத்தான் ஒழுங்காகக் கேட்டேன். வாக்கியத்தின் கடைசி வார்த்தை அவருக்கு வருவதே இல்லை. "அக்பர் காலத்தில் நிலவரி..." என்று ஆரம்பிப்பார், 'வசூலிக்கப்பட்டது' தொண்டைக்குள்ளேயே போய்விடும். நடுநடுவே கனைப்பு. தண்ணீர் கொண்டுவா என்று ஒரு பையனை அனுப்புகிறார். நன்றாக வேண்டும்.

ஜூலை 4, வெள்ளி

ஒரு விஷயம். மூன்று நாளாக அவர் கத்துவதில்லை. சாதாரணமாகப் பேசுகிறார். கடைசி வார்த்தையும் வருகிறது.

மாலையில் ஸ்டாஃப் ரூமில் என் மேசைக்கு வந்து நின்றார். "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பேசாததுல எனக்கு மூணு நாளா தொண்டை வலியே இல்ல. உங்க சத்தத்துக்கு மேல போறதுக்குள்ள உசுரு போயிரும் எனக்கு."

என்ன திமிர் இந்த மனிதருக்கு! சிலேட்டை எடுத்து எழுதினேன்: 'நான் கத்தியதே உங்கள் சத்தத்துக்கு மேலே போகத்தான்.'

அவர் படித்தார். இன்னொரு தரம் படித்தார். "நான் நீங்க வேணும்னே பண்றீங்கன்னு நெனச்சேன் டீச்சர்" என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதை எழுதவில்லை. சிலேட்டில் இடமில்லை.

ஜூலை 9, புதன்

இவர் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒரு தடவ திட்டேன். வீடு என்னமோ மாதிரி இருக்கு" என்றார். சாம்பாரில் உப்பு போட மறந்திருந்தேன். அதைக்கூடச் சொல்லாமல் சாப்பிட்டிருக்கிறார்.

ஜூலை 24, வியாழன்

டாக்டர் மறுபடி பார்த்தாள். வலது பக்கத் தடிப்பு குறைந்திருக்கிறது. இடது அப்படியே. மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகப் பேசலாம். கத்தினால் அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து இவரிடம் "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டேன். மனிதர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

ஜூலை 25, வெள்ளி

சவரிராஜ் சார் ஒரு யோசனை சொன்னார். "நம்ம மூணு பேரும் ஒரே நேரத்துல பேசுறதுனாலதான டீச்சர் இந்தப் பாடு? நான் பேசும்போது தட்டிமேல என் கர்ச்சீப்பப் போடுறேன். அது கிடக்கும்போது நீங்க ரெண்டு பேரும் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை குடுங்க. நான் எடுத்ததும் அடுத்த ஆள் போடட்டும்."

நசீமாவும் சரியென்றாள். சின்னப் பிள்ளை விளையாட்டு என்றுதான் தோன்றியது. ஆனால் இன்றைக்குப் பகல் முழுக்க ஒருவர் மாற்றி ஒருவர் பேசினோம். நான் வீட்டில் பேசுகிற குரலில் பாடம் நடத்தினேன். கடைசி பெஞ்சுவரை கேட்டது. இத்தனை வருடம் ஒரு கைக்குட்டைக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

ஜூலை 30, புதன்

தாளாளர் கண்ணில் கைக்குட்டை பட்டுவிட்டது. "தட்டி என்ன கொடிக்கயிறா? துணி காயப்போடுறீங்க?" என்று நசீமாவின் பூப்போட்ட கைக்குட்டையை இரண்டு விரலால் தூக்கிக் கீழே போட்டார். "மூணு வகுப்பு இருக்கு, ஒரு சத்தந்தான் கேக்குது. மத்த ரெண்டு பேருக்கும் எதுக்குச் சம்பளம்?"

ஜூலை 31, வியாழன்

இதை அப்படியே எழுதிவைக்க வேண்டும், ஒரு வார்த்தை விடக்கூடாது.

இரண்டாம் பீரியட். தாளாளர் வராண்டாவில் என் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்றார். "வசுமதி டீச்சர், ஒரு மாசம் பொறுத்தாச்சு. இப்ப நடத்துங்க. நான் கேக்குறேன்" என்றார். பத்மினி மேடமும் மாஸ்க்கோடு பின்னால் நின்றார்.

தட்டிக்கு அந்தப் பக்கம் சவரிராஜ் சார் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டார். அதற்கடுத்து நசீமாவும் நிறுத்தினாள். கொட்டகை முழுக்க மின்விசிறிச் சத்தம் மட்டும். நான் என் குரலில், என் அளவில், பாடத்தை ஆரம்பித்தேன்.

"கேக்கல" என்றார் வெளியிலிருந்து.

நான் தொடர்ந்தேன்.

"கேக்கலம்மா! சத்தமா!"

அப்போது முத்தரசி எழுந்தாள். நான் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து, "எங்களுக்குக் கேக்குது சார்" என்றாள்.

"உங்களுக்குக் கேட்டாப் போதுமா? எனக்குக் கேக்கணும்!"

இதைச் சொல்லிவிட்டு அவருக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். ஆனால் ஆகவில்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. பதினாறு வருடமாக நான் பிள்ளைகளுக்குத்தான் பாடம் நடத்துகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். வராண்டாவில் நடந்துபோகும் ஒரு ஜோடிக் காதுக்காகத் தொண்டையை அறுத்துக்கொண்டிருக்கிறேன். கத்தத்தான் வாய் வந்தது. கத்தியிருந்தால் ஊருக்கே கேட்டிருக்கும். அதோடு குரலும் போயிருக்கும்.

"உள்ள வந்து உக்காருங்க சார். கேக்கும்" என்றேன்.

உள்ளே வந்தார். உட்கார நாற்காலி தேடினார். இல்லை. அவர்தான் எடுத்துவிட்டாரே. முதல் பெஞ்சில் பிள்ளைகள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். உட்காராமல் திரும்பிப் போய்விட்டார்.

மாலையில் மெமோ. திங்கட்கிழமைக்குள் 'பாடம் நடத்தத் தகுதியான குரல்' என்று மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கி வர வேண்டும். இல்லையென்றால் வேலையிலிருந்து விடுவிக்கப்படுவேன். பத்மினி மேடம் கையெழுத்து.

ஆகஸ்ட் 2, சனி

பள்ளிக்குப் போகவில்லை. மெமோ கொடுத்தவர்கள் சம்பளத்தையும் பிடித்துக்கொள்ளட்டும். காலையிலேயே ஆஸ்பத்திரி வரிசையில் போய் நின்றேன்.

எனக்கு முன்னால் துப்பட்டாவை முகம்வரை சுற்றிக்கொண்டு ஒருத்தி. அவள் கைப்பையை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று பார்த்தால் நசீமா. என்னைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்னும் நாலு பேர் தள்ளி, காசநோய்த் தடுப்புப் பலகையைப் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரிப் படித்துக்கொண்டு சவரிராஜ் சார். பெஞ்சில், மைதானத்தில் நாள் முழுக்க விசிலும் தொண்டையுமாக இருக்கும் பி.டி. மாஸ்டர். தாளாளருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று ஆளாளுக்கு ஒரு பொய்க் காரணம் சொல்லி விடுப்பு வாங்கியிருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் தெரியாமல் வந்து ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஒருவரையொருவர் தெரியாத மாதிரி வேறு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியே மூன்று பேரையும் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

கதவு திறந்து மாஸ்க்கோடு ஒரு பெண் வெளியே வந்தார். பத்மினி மேடம்.

அவரால் பேசவே முடியவில்லை. காலை வணக்கக் கூட்டத்தில் தினமும் மைக் இல்லாமல் முழுப் பள்ளிக்கும் அறிவிப்புச் செய்பவர். உடைந்த குரலில், "வசுமதி, யார்ட்டயும் சொல்லிராதீங்க" என்றார்.

"நான் யார்ட்டப் போய்ச் சொல்ல மேடம்? எல்லாரும் இங்கதான இருக்காங்க."

அவர் திரும்பி வரிசையைப் பார்த்தார். நசீமா துப்பட்டாவை இறக்கினாள். சவரிராஜ் சாருக்கு வேறு வழியில்லை, பலகையை விட்டுத் திரும்பினார்.

உள்ளே போனதும் டாக்டர் கேட்டாள், "என்னங்க, உங்க ஸ்கூல்ல பாடம் நடத்துறீங்களா, ஏலம் விடுறீங்களா?" என்னிடம் தகுதிச் சான்றிதழுக்குப் பதில் வேறொன்று எழுதித் தந்தாள். இந்த ஆசிரியரின் குரல் பழுதானது வேலையால். கத்த வைக்கும் இடத்தில் இவரை வேலை வாங்கக் கூடாது. மற்றவர்களுக்கெல்லாம் இரண்டு வாரம் வாய் திறக்கக் கூடாது என்று சீட்டு.

வெளியே டீக்கடையில் ஒன்றாக நின்றோம். பேசக் கூடியவள் நான் ஒருத்திதான். அதுவும் மெதுவாக. "திங்கக்கிழமை எல்லாச் சீட்டையும் சேத்து வைப்போம். யாரும் தனியாப் போகக் கூடாது" என்றேன். பத்மினி மேடம்தான் முதலில் தலையாட்டினார். அவர்மேல் எனக்குக் கோபம் போகவில்லை. டீக்குக் காசு அவர் கொடுத்தார், அப்போதும் போகவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை வணக்கக் கூட்டத்தில் அறிவிப்பு இல்லை. பத்மினி மேடம் கையைக் காட்டினார், பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்குப் போனார்கள்.

சீட்டுகள் தாளாளர் மேசையில். மற்ற டீச்சர்களும் எங்களோடு சேர்ந்து வாயை மூடிக்கொண்டார்கள். பள்ளி முழுக்கப் பலகையில் எழுதும் சத்தம். இரண்டாம் பீரியடில் நடைக்கு வந்தவர் கொட்டகை வாசலில் நின்றுவிட்டார்.

"என்ன நடக்குது இங்க? யாருமே பாடம் நடத்தலையா?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. சொல்லக் கூடாது, டாக்டர் உத்தரவு.

"பத்மினி மேடம்! நீங்களுமா?" வராண்டாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடினார். ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் நின்று கத்தினார். பிள்ளைகளைப் பேசாதே என்று கத்தினார், பிறகு ஏன் யாரும் பேசவில்லை என்று கத்தினார். பி.டி. மாஸ்டரைத் தேடி மைதானத்துக்குப் போய் அங்கிருந்து கத்தினார். எல்லாரையும் அனுப்பிவிடுவேன் என்றார். எல்லாரையும் அனுப்பிவிட்டு நாளைக்கு யாரை வைத்துப் பள்ளி நடத்துவார்? மதியம்வரை விடவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனேன். வாயைத் திறந்தார். கம்மிப்போய்க் காற்றுதான் வந்தது. பெற்றோர் யாரோ போன் செய்கிறார்கள், பேச முடியவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

ஒரே ஒரு அரைநாள்.

பையிலிருந்து பனங்கற்கண்டுப் பொட்டலத்தை எடுத்து அவர் மேசைமேல் வைத்தேன். "வாயில போட்டுக்கிட்டு வகுப்புக்குப் போங்க சார். எல்லாம் சரியாப் போகும்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். நன்றாகக் கேட்டிருக்கும்.

ஆகஸ்ட் 13, புதன்

கொட்டகைச் சுவருக்குச் செங்கல் இறங்கியிருக்கிறது. மெமோவைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் கிழித்துப்போடவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 23, சனி

பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். 'ஆசிரியர்களின் குரல்நலம் காக்கும் பள்ளி!' தாளாளர் கைகூப்பிச் சிரிக்கிறார். சவரிராஜ் சார் பார்த்துவிட்டு, "நாக்கப் பிடுங்கிக்கிறலாம் போல இருக்கு டீச்சர்" என்றார். வேண்டாம், இப்போதுதான் சரியாகி வருகிறது என்றேன்.

செப்டம்பர் 8, திங்கள்

இன்றைக்குச் சுவருக்குள் முதல் வகுப்பு. கூரைவரை எழுப்பிப் பூசியிருக்கிறார்கள். வகுப்புக்கு ஒரு நாற்காலியும் வந்திருக்கிறது. கதவைச் சாத்தினேன். சவரிராஜ் சாரின் போர்கள் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பிறகு செய்யுளை எடுத்தேன். ஜூனுக்குப் பிறகு இன்றைக்குத்தான் பாடினேன். முதல் வரி வந்தது. இரண்டு, மூன்று, எல்லாம் வந்தது. பிள்ளைகள் அசையவில்லை. கடைசி வரியில் மேலே ஏறினேன்.

வாய் திறந்திருந்தது. மூச்சும் போனது. இடது பக்கத் தழும்பு போகாது என்று போன வாரமே டாக்டர் சொல்லிவிட்டாள். போன வருடமே வந்திருந்தால் தழும்பு விழுந்திருக்காதாம். நான் அதை அன்றைக்கு இங்கே எழுதவில்லை. எழுதினால் உண்மையாகிவிடும் என்றிருந்தது.

"கேட்டுச்சா?" என்றேன்.

முத்தரசி எழுந்தாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "அந்தக் கடைசி வரி மட்டும் கேக்கல டீச்சர்."

அதை நீ பாடு என்று அவளிடம் சொன்னேன். பாடினாள். நன்றாகத்தான் பாடினாள்.

மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகு அந்தப் புதுச் சுவரை ஓங்கி ஓர் உதை உதைத்தேன். கால் பெருவிரல் வீங்கியிருக்கிறது. இவரிடம் படியில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.